ஸ்மெதனாவின் காதில் ஒலித்த சுரம்

செக் இசைமேதை பெட்ரிக் ஸ்மெதனா 1876-இல் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்காக 'என் வாழ்விலிருந்து' என்ற படைப்பை எழுதினார். கடைசிப் பகுதியில் நடனக் களிப்போடு ஓடும் இசை திடீரென்று அறுந்து நிற்கிறது. முதல் வயலின் மட்டும் உச்சஸ்தாயியில் ஒற்றைச் சுரத்தை நீட்டிப் பிடிக்க, மற்ற கருவிகள் கீழே நடுங்குகின்றன. 1874-இல் செவி கேட்காமல் போகத் தொடங்கிய வேளையில் தன் காதுக்குள் கேட்ட சத்தம் அது என்று அவரே எழுதிவைத்தார்.

தனக்கு மட்டும் கேட்டதை அவர் ஊருக்கே கேட்கவைத்துவிட்டார். காதில் இரைச்சல் கேட்கும் மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை. "ராத்திரியெல்லாம் கொய்ங்னு இரையுது" என்றால், "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்பார்கள் வீட்டில். காது இரைச்சலின் பாதித் துயரம் இந்தத் தனிமைதான்.

உள்காதின் சுருளில் ஒலியை வாங்கி நரம்புக்கு அனுப்பும் நுண்மயிர் செல்கள் இருக்கின்றன. பட்டறை இரைச்சல், காதில் செருகிக் கேட்கும் உரத்த பாட்டு, முதுமை, சில மருந்துகள் ஆகியவற்றால் அழிந்தால், அவை மறுபடி முளைப்பதில்லை. ஒலியின் வரத்து குறைந்ததும் மூளை தன் கூர்மையை ஏற்றிக்கொள்கிறது. அதில் பிறப்பதே இந்த இரைச்சல் என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம்.

1953-இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், நன்றாகக் காது கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒலி கேட்டதாகச் சொன்னார்கள்!

ஆக, சத்தம் பலருக்கும் உண்டு. அதை ஆபத்து என்று மூளை முத்திரை குத்தும்போதுதான் அது நோயாகிறது. பயந்தவர் உற்றுக் கேட்கிறார். உற்றுக் கேட்கக் கேட்க அது வளர்கிறது. நிசப்தமான அறை அதற்குத் தோதான இடம். அதனால்தான் மின்விசிறி, மெல்லிய வானொலி போன்ற சிறு சத்தங்களைப் படுக்கையறையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு ஹியரிங் எய்டு பல சமயம் ஆறுதல் தருகிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சை சத்தத்தைக் குறைக்காது. அது தரும் வேதனையைக் குறைக்கும். "எப்போது நிற்கும்?" என்று காத்திருப்பதைவிட, "நிற்காவிட்டாலும் இன்று என்ன செய்யலாம்?" என்று கேட்பது பயனுள்ளது. 'வல்டாவா' என்ற நதி இசையை ஸ்மெதனா எழுதியது செவி போன அதே 1874-இன் கடைசியில்தான்.

ஆனால் எல்லா இரைச்சலுக்கும் பழகிக்கொள்ளக் கூடாது. ஒரே காதில் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றே போய்விடுங்கள். சில சமயம் அடைத்திருக்கும் குறும்பியை எடுத்ததும் சத்தம் போய்விடும். அதையும் பட்ஸ் விட்டு நீங்களே குடையாதீர்கள்.