மேடையைவிட்டு இறங்கிய பிறகு

பொங்கல் விடுமுறைக்கு ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மாரண்டஹள்ளிக்காரர்கள் ஊர் திரும்புகிறார்கள். முன்னாள் மாணவர்கள் ஒன்றுகூடி, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பாராட்ட இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் நம் தருமபுரி, சுமார் 68.5 சதவீதம்தான். இங்கே கல்லூரிக்குப் போகும் பலர் தங்கள் வீட்டின் முதல் தலைமுறை. சால்வையும் கேடயமும் அவர்களுக்கு மகிழ்ச்சி தரும். ஆனால், மேடையைவிட்டு இறங்கியதும் அவர்களுக்குத் தேவைப்படுவது வேறு. எந்தப் பாடப்பிரிவை எடுப்பது? முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குவது எப்படி? விடுதிக்கு யாரிடம் விண்ணப்பிப்பது? அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதை எடுத்துச் சொல்லக்கூடச் சில வீடுகளில் ஆள் இல்லை.

2006-இல் தொடங்கப்பட்ட அகரம் அறக்கட்டளை, 2010 முதல் ‘விதை’ திட்டத்தின் வழியே ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறது. பண உதவியோடு வழிகாட்டியையும் தருவதே அதன் பலம். அப்படிப் படித்து வந்தவர்களே இன்று அடுத்தவர்களுக்குக் கை கொடுக்கிறார்கள்.

முன்னாள் மாணவர்களே, இந்தப் பொங்கலுக்குப் பரிசு கொடுங்கள். கூடவே ஆளுக்கு ஒரு பிள்ளையின் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை பட்டம் வாங்கும்வரை மாதம் ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். அதுதான் நாம் செய்யும் உண்மையான பாராட்டு.