இன்னொரு சாவி யாரிடம்?

ஒரு பூட்டின் வலிமை அதன் இரும்பில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி, அதைத் திறக்கும் சாவி எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. இது திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே பூட்டுச் செய்த ஊர் அது. மாங்காய் வடிவத்தில் அமைந்த மாங்காய்ப் பூட்டு தொடங்கி கோயில் கதவுக்கும் கிடங்குக்கும் ஏற்ற பெரும்பூட்டு வரை அங்கே உருவாயின. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படிப்பட்ட பூட்டு தொங்கும் கதவுக்கே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வாடகைக்கு விட்ட வீட்டின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது, அதை வைத்திருப்பவர் எப்போது அதைப் பயன்படுத்தலாம்?

கேள்வியைக் கூர்மையாக்கிக்கொள்வோம். குடியிருப்பவர் வேலைக்குப் போயிருக்கிறார். வீட்டுக்காரர் தம்மிடமுள்ள சாவியால் கதவைத் திறக்கிறார், உள்ளே போகிறார், சுற்றிப் பார்க்கிறார், மறுபடி பூட்டிவிட்டுப் போகிறார். எதையும் எடுக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. சுவரில் ஆணி அடித்திருக்கிறார்களா, குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்தார், அவ்வளவுதான். இதில் தவறு உண்டா?

திண்டுக்கல்லுக்கு அருகே குடகனாற்றங்கரையில், கரூர் சாலையில் இருக்கிறது தாடிக்கொம்பு. சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சிற்பங்களுக்காக வெளியூரார் வந்துபோகும் ஊர். இதுபோன்ற ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கனடாவுக்கும் பிழைக்கப் போனவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் விடை உடனே வரும். வளைகுடா நகரங்களில் 'பெட் ஸ்பேஸ்' என்றொரு வாழ்க்கை உண்டு. ஓர் அறையில் ஆறு பேர், எட்டு பேர். ஒவ்வொருவருக்கும் வாடகைக்குக் கிடைப்பது ஒரு கட்டில் மட்டுமே. அந்தக் கட்டிலைச் சுற்றி லுங்கியையோ போர்வையையோ திரையாகக் கட்டிக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து மனைவி பேசும்போது அந்தத் துணிக்குப் பின்னால்தான் ஒருவர் அழவோ சிரிக்கவோ முடியும். அந்தத் திரையைக் கேட்காமல் விலக்குகிறவனை அறைத்தோழன்கூட மன்னிக்கமாட்டான். பூட்டில்லாத, சாவியில்லாத, கிழிந்த துணிதான். ஆனாலும் அது கதவு என்பதில் அங்கே யாருக்கும் ஐயமில்லை.

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையை எடுத்துத் தங்குகிறவர்களின் நிலை வேறு. வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்கிறார். சமையலறை பொது, குளியலறை பொது. எது யாருடைய இடம் என்ற கோடு மங்கலாகிவிடுகிறது. டொராண்டோவில் பேஸ்மென்ட் எடுத்துக் குடியிருப்பவர்களுக்கும், மேல்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரர் பெரும்பாலும் நம்மவராகவே அமைந்துவிடுவதால், இன்னொரு சங்கடம் சேர்ந்துகொள்கிறது. அண்ணன், அக்கா என்று அழைத்துப் பழகிவிட்டபின் "தட்டிவிட்டு வாருங்கள்" என்று எப்படிச் சொல்வது?

சில நாடுகளின் சட்டம் இந்தச் சங்கடத்தை ஓரளவு தீர்த்துவைத்திருக்கிறது. டொராண்டோ அமைந்த ஒன்டாரியோ மாகாணத்தின் 2006-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரர் பழுதுபார்க்கவோ பார்வையிடவோ வரவேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கவேண்டும். காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் வரவேண்டும். ஆனால் வீட்டுக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளவேண்டிய குடியிருப்புக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. எவருக்குப் பாதுகாப்பு மிகவும் தேவையோ அவரை அது வெளியே நிறுத்திவிடுகிறது. ஈழத்தமிழர் பலர் வாழும் ஜெர்மனி இதில் இன்னும் கறார். அங்கே வீடு மீறக்கூடாத எல்லை என்பது அரசமைப்பின் 13-ஆம் பிரிவு. வாடகைக்கு இருப்பவரின் குடியிருப்புரிமையும் சொத்துரிமைக்கு உரிய காவலைப் பெறும் என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 1993-ல் சொன்னது. குடியிருப்பவர் சம்மதிக்காமல் வீட்டுக்காரர் ஒரு சாவியைக்கூடத் தம்மிடம் வைத்துக்கொள்ள முடியாது.

இதெல்லாம் மேல்நாட்டார் பழக்கம், திண்ணை வைத்து வீடு கட்டிய நமக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். திண்ணையைத் தவறாகப் படிப்பதால் வரும் கேள்வி இது. வழிப்போக்கன் கேட்காமல் உட்காரவும் படுக்கவும் திண்ணை இருந்தது. அதனாலேயே அதற்கு அப்பால் கால் வைக்க அவன் அழைப்புக்குக் காத்திருந்தான். உறவினர்கூட வாசலில் நின்று குரல் கொடுத்தார். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் வேளையில் தொண்டையைச் செருமிவிட்டு நின்ற பெரியவர்களை இன்றைக்கும் நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தச் செருமலுக்கு அந்தரங்க உரிமை என்று பெயர் வைக்கத்தான் நாம் தாமதித்தோம். திருக்கோவலூர் இடைகழிக் கதை எல்லோருக்கும் தெரியும். மழையிரவில், ஒருவர் படுக்கலாம் என்ற இடத்தில் முதலாழ்வார் ஒருவர் படுத்திருக்கிறார். அடுத்து வந்தவர் இடம் கேட்கிறார், இருவராக உட்காருகிறார்கள். மூன்றாமவரும் கேட்கிறார், மூவராக நிற்கிறார்கள். கேளாமல் நுழைந்து நெருக்கியவன் பெருமாள் ஒருவனே. அந்த உரிமையை மனிதருக்கு அந்தக் கதை தரவில்லை.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் முழுதாகக் கேட்கவேண்டும். அந்த வீடு பெரும்பாலும் பரம்பரைச் செல்வத்தில் முளைத்ததல்ல. பதினைந்து ஆண்டு வளைகுடா வெயிலோ, விற்ற அரை ஏக்கரோ, வங்கிக் கடனோ அதன் அடித்தளத்தில் கிடக்கிறது. அடுக்களைத் தொட்டி ஒழுகிச் சுவர் ஊறுவதைப் பார்த்துப் பதறாமல் இருக்க அவர் துறவியல்லர். வீட்டுக்குள் சட்டவிரோதமாக ஏதேனும் நடந்தால் காவல்துறை முதலில் தட்டுவதும் அவர் கதவைத்தான். இந்தக் கவலைகள் உண்மையானவை. எல்லாமே கேட்டுவிட்டுப் போவதால் தீரக்கூடியவை என்பதும் உண்மை. நாளை காலை தொட்டியைப் பார்க்க வருகிறேன் என்று சொல்வதால் ஒழுகும் தொட்டி ஒளிந்துகொள்ளாது. எரிவாயு வாசம் வந்தால், கதவுக்கு அடியில் தண்ணீர் வழிந்தால், உள்ளே முதியவர் குரலே இல்லாமல் கிடந்தால் உடனே திறக்கத்தான் வேண்டும். திறந்த அந்த நிமிடமே குடியிருப்பவருக்குச் சொல்லிவிடவும் வேண்டும். குடியிருப்பவருக்கும் கடமை உண்டு. பழுதை மறைப்பதும், நாள் குறித்து வரும் கொத்தனாரைத் திருப்பி அனுப்புவதும் முறையாகாது.

பிறகு எதற்காகக் கேட்காமல் நுழைகிறார்கள்? தொட்டியைப் பார்க்க என்றால் கேட்டுவிட்டே போகலாம். ஆளைப் பார்க்க என்னும்போதுதான் கேட்காமல் போகவேண்டியிருக்கிறது. சொல்லக் கசப்பானது, சொல்லாமலும் இருக்க முடியாது. நம் ஊர்களில் வீடு தேடுகிறவரிடம் சம்பளத்துக்கு முன்பே சாதியை விசாரிக்கிறார்கள். நேராகக் கேட்கக் கூசுகிறவர்கள் "சைவமா, அசைவமா?" என்று கேட்டு அறிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். வாய் கேட்ட அந்த விசாரணையைத்தான் பின்னால் சாவி தொடர்கிறது. அடுப்பில் என்ன வெந்தது, சுவரில் மாட்டியிருப்பது யார் படம், அலமாரியில் இருப்பது எந்த வேதநூல், கொடியில் காயும் துணி யாருடையது, மாத்திரை அட்டை எந்த நோய்க்கு உரியது. தனியாகக் குடியிருக்கும் பெண் என்றால் இந்தக் கண்கள் இன்னும் நெடுநேரம் நிற்கின்றன. ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்தது ஐந்தாண்டு தெருப்பேச்சாகிவிடும். எதையும் எடுக்கவில்லை என்பது பொய். குடியிருப்பவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அன்பால் நுழைகிறவர்கள் இவர்களிலிருந்து வேறுபட்டவர்கள். அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத்தான் மனம் தயங்குகிறது. மழை வருகிறதே என்று சன்னலைச் சாத்தப் போகும் வீட்டுக்காரம்மா, பொங்கலன்று பூட்டிய வீட்டுக்குள் பாத்திரத்தில் பொங்கலை வைத்துவிட்டு வருகிறவர். இந்த அன்பு கிடைக்காத பெருநகரத் தனிமையை அனுபவித்தவர்கள் இதைக் குற்றம் என்று சொல்ல அஞ்சுவார்கள். இருந்தாலும், மாலையில் திரும்பி வருகிறவர் தம் மேசைமேல் தாம் வைக்காத பாத்திரத்தைப் பார்க்கிறார். பொங்கல் இனிக்கிறது. அதே நொடியில் தாம் இல்லாதபோது இந்தக் கதவு திறக்கும் என்பதும் தெரிந்துவிடுகிறது. மறுநாளிலிருந்து நாட்குறிப்பை இழுப்பறையில் போட்டுப் பூட்டுகிறார், படுக்கையை மடித்துவிட்டே வெளியேறுகிறார். உள்ளே இருக்கும்போதும் படியில் கேட்கும் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுக்கிறார். அவர் இன்னும் வாடகை கொடுக்கிறார், ஆனால் வீட்டில் இருப்பது நின்றுபோய்விட்டது. அன்பும் வாசலில் நின்று குரல் கொடுத்திருக்கவேண்டும். அந்தப் பாத்திரம் வாசற்படியில் இருந்திருந்தால் பொங்கலின் இனிப்பு குறைந்திருக்காது.

நம் சட்டமும் இதை அறியாததல்ல. அத்துமீறி நுழைதல் என்ற குற்றத்தை 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் வரையறுத்தபோதே, பத்திரம் யார் பெயரில் என்று கேட்கவில்லை, யாருடைய அனுபவத்தில் இருக்கும் இடம் என்றுதான் கேட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவிலும் அதே அளவுகோல். ஆகவே சொந்தக்காரரும் தம் கட்டடத்துக்குள்ளேயே அத்துமீறியவராகலாம். ஆனால் குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ எண்ணி நுழைந்தார் என்று காட்டவேண்டும். "சும்மா பார்க்க வந்தேன்" என்பவர் அந்தச் சல்லடையில் பெரும்பாலும் நழுவிவிடுவார். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்க முயன்றது. காரணத்தைச் சொல்லி, 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்துவிட்டே வீட்டுக்காரர் உள்ளே போகலாம். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்ற விதி ஓரளவு பேசப்பட்டது. நுழைவு பற்றிய விதியைப் பேசுவோர் அரிது.

காவல்துறைக்கும் குடிமகனுக்கும் இடையில் இதே வழக்கு 1962-லேயே உச்சநீதிமன்றம் வரை போனது. உத்தரப்பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் மீதான கொள்ளை வழக்கு சாட்சியம் இல்லாமல் போனபிறகும் போலீசார் அவரைக் கண்காணித்தார்கள். நள்ளிரவில் வந்து கதவைத் தட்டி எழுப்பினார்கள். அந்த இரவு வருகை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒப்ப மறுத்தது. அந்த மறுப்பை ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக நீக்கிய நாள் 2017 ஆகஸ்ட் 24. புட்டசாமி வழக்கின் தீர்ப்பு அது. அரசு நம் வாசலில் நின்று கேட்கவேண்டும் என்று நிலைநாட்ட 55 ஆண்டுகள் ஆயின. வீட்டுக்காரர் நின்று கேட்கவேண்டும் என்பதற்கு நீதிமன்றம் போகவேண்டியிருப்பது நமக்கு அழகில்லை.

இனி தாடிக்கொம்புக்கே திரும்பலாம். வேடசந்தூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் தங்கும் வரிசை அறைகளைக் கட்டியது யார் பணம்? வெளிநாட்டில் திரைக்குப் பின்னால் படுத்து எழுந்தவர்கள் அனுப்பிய பணமும் அதில் இருக்கிறது. அந்த அறைகளின் கதவு தட்டப்படுகிறதா? எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணவும், அடுப்பு எரிகிறதா என்று பார்க்கவும், மொழி தெரியாதவன்தானே என்ற துணிச்சலில் கதவைத் தள்ளிக்கொண்டு போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவன் திடுக்கிட்டு எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டு நிற்கிறான். துபாயில் நம் பிள்ளை எழுந்து நின்றதும் இப்படித்தான். அங்கே மகனுக்கு நேர்ந்தால் வயிறு எரிகிற தகப்பன், இங்கே அதே சாவிக்கொத்தோடு நடக்கிறார். வாடகை ஒப்பந்தமே எழுதாமல் அறை எடுத்த அந்தத் தொழிலாளி எந்தச் சட்டத்தின் கீழ் எந்த அதிகாரியிடம் போவான்? அவனுக்கு இருக்கும் ஒரே காவல் வீட்டுக்காரரின் மனச்சாட்சி. இந்தக் கேள்வியில் எடைபோட வேண்டியது அதைத்தான். திருப்பிக் கேட்கும் வலிமையில்லாதவன் வாசலில் ஒருவர் எப்படி நிற்கிறார் என்பதில்தான் அவருடைய நேர்மை தெரியும்.

சாவியைக் கொடுத்து வாடகை வாங்கிக்கொண்ட நாளிலேயே வீட்டைப் புழங்கும் உரிமை கைமாறிவிட்டது. கட்டடம் வீட்டுக்காரருடையது, நிலைப்படிக்கு உள்ளே நடக்கும் வாழ்க்கை அவருடையதல்ல. அவரிடம் மிஞ்சும் சாவி அடைக்கலப் பொருள். கொடுத்தவர் சொன்ன காரியத்துக்கு மட்டுமே அதைத் தொடலாம்.

வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குடித்தனக்காரர் பால் காய்ச்ச வரும் நாளில், பூட்டோடு வந்த சாவிகள் அத்தனையையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஆபத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் அவரிடமே கேட்டு வாங்குங்கள். அதை ஓர் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் அவரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அவர் வீட்டைக் காலி செய்யும் நாளில் அந்த உறையைப் பிரிக்காமல் அவர் கண்முன் எடுத்துக் காட்டுங்கள்.