வண்டிக்குள் நாலு பேர்

ஜேம்ஸ் ஜாய்ஸ் பெயரைக் கேட்டாலே நல்ல வாசகர்கள்கூடத் தயங்குகிறார்கள். உரைநூல் துணையில்லாமல் ‘யுலிசிஸ்’ நாவலுக்குள் நுழைய முடியாது என்ற பேச்சு அவ்வளவு பரவியிருக்கிறது. சிரமமான நாவல்தான். ஆனால் அது எந்த மாதிரியான சிரமம் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆறாம் அத்தியாயத்தைப் பார்ப்போம். 1904 ஜூன் 16, டப்ளின் நகரம். பேடி டிக்னம் என்பவரின் சவ ஊர்வலம் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தை நோக்கிப் போகிறது. ஒரு குதிரை வண்டியில் நாலு பேர். அவர்களில் ஒருவர் லியோபோல்டு புளூம். பத்திரிகைக்கு விளம்பரம் பிடித்துத் தருபவர், யூதரின் மகன். பேச்சு சாவின் பக்கம் திரும்புகிறது. தற்கொலையைப் போல ஒரு குடும்பத்துக்கு அவமானம் வேறில்லை என்கிறார் ஒருவர். கோழைகள் செய்வது என்கிறார் இன்னொருவர். மார்ட்டின் கன்னிங்ஹாம் அவசரமாகக் குறுக்கிட்டு, தீர்ப்புச் சொல்ல நாம் யார் என்று பேச்சை மடக்கப் பார்க்கிறார். புளூம் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொள்கிறார்.

புளூமின் அப்பா நஞ்சு அருந்தி உயிரை விட்டவர். கன்னிங்ஹாமுக்கு அது தெரியும். பேச்சைத் தொடங்கியவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் ஜாய்ஸ் நமக்கும் எடுத்துச் சொல்வதில்லை. வேட்டைப் படங்கள் மாட்டிய ஓட்டல் அறை, அங்கே விழுந்த வெயில், மகனுக்கு எழுதிய கடிதம் என்று புளூமின் நினைவில் துணுக்குகளாக வந்து போகிறது, அவ்வளவுதான். முதல் வாசிப்பில் நாமும் அந்த வண்டியில் எதுவும் அறியாமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

இந்த நாவலின் சிரமம் பெரும்பாலும் இதுதான் என்று நம்புகிறேன். ஹோமர், ஷேக்ஸ்பியர், கத்தோலிக்கச் சடங்குகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன; அவற்றை உரைநூலில் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவரின் மனதுக்கு எந்த உரைநூலும் கிடையாது. எத்தனையோ வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவரின் வீட்டுத் துக்கம் நமக்குத் தெரியாது. தெரியாமலே அவர் முன்னால் எதையாவது பேசிவிட்டு எழுந்து போகிறோம். ‘யுலிசிஸ்’ படிக்கத் தொடங்கிய பிறகு, யாராவது பேச்சின் நடுவே சட்டென்று மௌனமாகிவிட்டால் என்னால் அதைக் கவனிக்காமல் இருக்க முடிவதில்லை.

புளூமின் நல்ல குணத்தையும் ஜாய்ஸ் இப்படியேதான் வைத்திருக்கிறார். பார்வையற்ற இளைஞன் ஒருவனுக்குத் தெருவைக் கடக்கக் கைகொடுக்கிறார். டிக்னம் குடும்பத்துக்காக நிதி திரட்டும்போது ஐந்து ஷில்லிங் எழுதிக் கையோடு கொடுத்தும் விடுகிறார். பிறந்து பதினோரு நாளில் இறந்த மகன் ரூடியை அன்று முழுவதும் நினைத்துக்கொள்கிறார். எங்கும் அழுத்திச் சொல்லப்படுவதில்லை, அசந்தால் தவறவிட்டுவிடுவோம். இப்படிப்பட்ட நாவலின் ஒரு பகுதி பத்திரிகையில் வந்ததற்காக 1921-இல் நியூயார்க் நீதிமன்றம் ஆபாசம் என்று தண்டித்தது. அமெரிக்காவில் தடை நீங்க 1933 வரை ஆயிற்று. இடையில், 1922-இல், ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாளன்று, பாரிஸில் புத்தகக் கடை நடத்திய சில்வியா பீச் அதைத் துணிந்து வெளியிட்டார். அந்தப் பெண்ணுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எங்கே தொடங்கலாம்? 1914-இல் வந்த ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பின் கடைசிக் கதையான ‘தி டெட்’ போதும். அதில் சிக்கலான வாக்கியமே இல்லை. தன் மனைவி இளவயதில் இறந்துபோன ஒருவனை இன்னும் மறக்கவில்லை என்பதைக் கணவன் ஒரு விருந்து இரவின் முடிவில் அறிகிறான். அத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. அதன்பின் ‘யுலிசிஸ்’ நாவலின் நான்காம் அத்தியாயம்: காலையில் புளூம் பூனைக்குப் பால் வைக்கும் முன், அதன் கண்ணுக்குத் தான் எவ்வளவு உயரமாகத் தெரிவோம் என்று யோசிக்கிறார். முதல் மூன்று அத்தியாயங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். புளூம் வருவதே நான்காவதில்தான். கடைசி அத்தியாயம் அவர் மனைவி மோலியினுடையது, நிறுத்தக்குறிகளே ஏறக்குறைய இல்லாத நீண்ட மன ஓட்டம். அதை வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு விடுவது என்பது தானாகப் பிடிபடும்.