நான் டாக்டர் இல்லை, மாணவன்



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நல்ல மனசோடு ஊழியத்துக்குப் போகிற ஒருவன், "வேண்டாம்" என்று சொல்லத் தெரியாத ஏழையின் உடம்பில் தொழில் பழகலாமா? "ஊழியம்தானே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டால் போதுமா? இந்தக் கேள்வியை எனக்குப் படிப்பித்தவள் கென்யா தேசத்து ஏழைத் தாய் ஒருத்தி.

நான் லண்டனில் மருத்துவம் படித்தவன். அங்கே படிப்பு முடிகிற வருஷங்களில் சில வாரங்கள் வெளிதேசத்து ஆஸ்பத்திரியில் போய்ப் பழக இடம் கொடுப்பார்கள். அதற்கு எலெக்டிவ் என்று பேர். நான் உபவாசித்து ஜெபித்து, கென்யாவின் மேற்கு மலைநாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியைத் தெரிந்துகொண்டேன். சபையில் முன்னால் நிறுத்தி, கை வைத்து ஜெபித்து அனுப்பினார்கள். உள்ளுக்குள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அங்கே காலையில் ஆராதனை, பிறகு வார்டு. ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகள் படுத்திருக்கும். மலேரியா, காசநோய், அடுப்பு நெருப்பில் வெந்த குழந்தைகள், மோட்டார் சைக்கிளில் அடிபட்ட வாலிபர்கள். நான் வெள்ளைக் கோட்டு போட்டு உள்ளே நுழைந்தவுடனே எல்லாரும் "டாக்டாரி, டாக்டாரி" என்பார்கள். சுவாஹிலி பாஷையில் டாக்டர் என்று அர்த்தம். நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை. ஆனாலும் ஒரு நாளும் திருத்தவில்லை. காதுக்கு இனிப்பாக இருந்தது, விட்டுவிட்டேன்.

இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம். இரண்டு வயசுப் பையன் ஒருவனை ஜுரத்தோடும் வலிப்போடும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுக்க வேண்டும். பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பிரசவ கேஸில் இருந்தார். அந்த வேலையைப் பல வருஷமாகச் செய்கிற கிளினிக்கல் ஆபீசர் பக்கத்து வார்டில்தான் இருந்தார். நர்ஸ் என்னைப் பார்த்து, "டாக்டாரி, நீங்க எடுக்கறீங்களா?" என்று கேட்டாள். லண்டனில் அதை இரண்டே தடவை பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. "சரி" என்றேன்.

மூன்று தடவை குத்தினேன். மூன்று தடவையும் இரத்தம்தான் வந்தது. பிள்ளை கதறினான். நாலாவது தடவைக்கு நர்ஸ் போய் அந்த ஆபீசரைக் கூட்டி வந்தாள். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுத்து, ஒரே முயற்சியில் எடுத்துவிட்டார். மருந்து ஏற்கெனவே ஏற ஆரம்பித்திருந்தது. கர்த்தருடைய கிருபையால் பிள்ளை பிழைத்தான்.

அவன் வீட்டுக்குப் போகிற நாளில் அந்தத் தாய் என்னைத் தேடி வந்தாள். ஒரு துணியில் நாலு முட்டை கட்டி வைத்திருந்தாள். "அசாந்தே, டாக்டாரி" என்றாள். நன்றியாம்! தன் பிள்ளையை வீணாக மூன்று தடவை குத்தினவனுக்கு முட்டை கொண்டு வந்திருக்கிறாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்று ராத்திரி எனக்கு ஜெபம் வரவில்லை.

பிரியமானவர்களே, நான் செய்த தப்பு எது? கை தவறினது தப்பா? இல்லை. எந்த டாக்டரும் யாரோ ஒருவர் உடம்பில்தான் பழகியாக வேண்டும். லண்டனிலும் அப்படித்தான், நம்ம ஊர் தர்ம ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். ஆனால் லண்டனில் நோயாளியின் பக்கத்தில் நின்று, "நான் மாணவன், செய்யலாமா?" என்று கேட்காமல் தொட்டிருக்க மாட்டேன். மலைநாட்டுக்குப் போனதும் அந்தக் கேள்வி எப்படி என் வாயைவிட்டுப் போயிற்று? ஏழை கேள்வி கேட்க மாட்டாள் என்று என் மனசுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் பாவம். அன்று அந்தப் பிள்ளைக்கு நான் தேவைப்படவில்லை. எனக்குத்தான் அந்தப் பிள்ளை தேவைப்பட்டான்.

"ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் இதெல்லாம் பார்க்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வேறே ஒருவரும் இல்லை, தாமதித்தால் உயிர் போகும் என்றால், தெரியாத கையானாலும் நீட்டத்தான் வேண்டும். அப்போதும் உண்மையைச் சொல்லி நீட்டலாமே! அன்று எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. தெரிந்தவர் பத்தடி தூரத்தில் இருந்தார். 2010-ஆம் வருஷம் இந்த மாதிரிப் பயிற்சிக்கென்று ஒரு சர்வதேசக் குழு ஒழுங்குகளை எழுதி வெளியிட்டது. 2011-ல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமும் எழுதியது. உன் தகுதிக்கு மிஞ்சி நோயாளியைத் தொடாதே என்பது அவற்றின் சாரம். உலகத்தாரே இதை எழுதி வைக்கும்போது தேவ பிள்ளைகள் குறைவாக நடக்கலாமா?

நம்ம தேசத்தில் ஒரு சாட்சி உண்டு. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் வாலிபப் பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் தங்கள் மனைவிக்குப் பிரசவம் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவருடைய தகப்பனார் டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். மூன்று பெண்களும் மரித்தார்கள். அம்மையாரின் இருதயம் உடைந்தது. உடைந்த இருதயமே போதும் என்று கத்தியை எடுத்தாரா? இல்லை. அமெரிக்காவுக்குப் போய்ப் படித்து, 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் திரும்பி வந்து வேலூரில் ஊழியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் திறந்தார். அன்பு அவரைப் படிக்கவைத்தது. என் அவசரமோ ஒரு பிள்ளையை அழவைத்தது.

நம்முடைய ஆண்டவரைப் பாருங்கள். பெதஸ்தா குளத்தண்டையில் முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவனிடம், சுகமாக விருப்பமா என்று கேட்டார் (யோவான் 5:6). குருடனாகிய பர்திமேயுவிடம், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). எல்லாம் அறிந்தவர், எல்லாம் செய்ய வல்லவர், அவரே கேட்டுவிட்டுச் சுகமாக்கினார். ஒன்றும் அறியாத நான் கேட்காமல் தொட்டேன்.

மறுநாள் நர்ஸிடம் ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டேன்: "மிமி நி ம்வனஃபுன்சி." நான் மாணவன் என்று அர்த்தம். ஒரு பெரியவரிடம் முதல் முதல் சொன்னேன். அவர் சிரித்து, கையை நீட்டி, "எடு மகனே" என்றார். இன்னொரு அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அப்போதுதான் விளங்கியது. முட்டை கொண்டு வந்த தாய்க்கும் மறுக்கிற வாய் இருந்தது. நான்தான் அதைத் திறக்க விடவில்லை. அந்த ம்வனஃபுன்சி என்கிற வார்த்தைதான் சுவாஹிலி வேதாகமத்தில் சீஷனுக்கும் வருகிறதாம். மாணவன் என்று சொல்ல வெட்கப்பட்டவன் சீஷன் என்று சொல்லிக்கொள்வது எப்படி?

தேவ ஜனமே, இது டாக்டர்களுக்கு மாத்திரம் சொன்ன காரியம் அல்ல. ஆஸ்பத்திரி வார்டில் எழுந்து போக முடியாமல் படுத்திருக்கிறவரிடம், "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்கிறோமா, அல்லது கேட்காமலே கையை வைத்துவிடுகிறோமா? சர்க்கரை வியாதிக்காரரிடம், "விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து" என்று சொல்கிறவர், நாளைக்கு அவர் மயங்கி விழுந்தால் கூட நிற்பாரா? வரம் நமக்கு, வலி அவருக்கு என்றால் அது ஊழியம் ஆகாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதும் ஆவியின் கனிதான்.

அன்பின் பரம பிதாவே, பலவீனரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட எங்களை மன்னியும். கேட்டுவிட்டுத் தொடுகிற கைகளை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.