டார்ச் பிடித்த மேனேஜர்

கடம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. இரவு ஷிப்ட். பிரஸ் மெஷினில் எண்ணெய் கசிந்து லைன் நின்றுவிட்டது. மெஷினுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பிட்டர். பக்கத்தில் பிளாண்ட் மேனேஜர் குந்தி உட்கார்ந்து, தன் செல்போன் டார்ச்சைக் காட்டிக்கொண்டிருக்கிறார். "இன்னும் கீழ புடி சார்" என்கிறார் பிட்டர். மேனேஜர் கீழே பிடிக்கிறார். அதே போன் அடிக்கிறது. கட்டைவிரலால் அழைப்பைத் துண்டிக்கிறார். மறுபடி அடிக்கிறது. மறுபடி துண்டிக்கிறார். எடுத்துப் பேசினால் வெளிச்சம் நகர்ந்துவிடும்.

நடந்தது இவ்வளவுதான். மெஷின் ஓடியது, விடிவதற்குள் சரக்கு லாரி ஏறியது. தரப் பரிசோதனைப் பிரிவிலிருந்த நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அவர் டார்ச் பிடித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. கேண்டீன் வரிசையில் தட்டேந்தி நிற்பதும், ஆயுத பூஜையன்று பொரி கொடுப்பதும், அதைப் படம் எடுத்து மாட்டுவதும் இப்போது எல்லா மேனேஜருக்கும் பழக்கமாகிவிட்டது. என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தத் துண்டித்த அழைப்பு. அழைத்தவர் சரக்குக்காகக் காத்திருந்த கார் கம்பெனிக்காரர். எங்கள் தொழிலில் அவருக்கு மேலே ஆள் கிடையாது.

கூட வேலை பார்த்த நண்பர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "டார்ச் பிடிக்க ஒரு ஹெல்பர் போதாதா? அந்த போனை எடுத்துப் பதில் சொல்ல அவர் ஒருத்தராலதான் முடியும். தன் வேலையை விட்டுட்டு அடுத்தவன் வேலையைச் செஞ்சா அது பணிவா, தப்பிச்சுக்கிறதா?" என்றார். நியாயமான கேள்வி. தலைவர்கள் எல்லாரும் துடைப்பம் எடுத்தால் கணக்கு எழுதுவது யார்?

எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான் வரும். அப்பா மண்வெட்டியோடு மடை மாற்றப் போவார். டார்ச் பிடிக்க என்னைக் கூட்டிப்போவார். நான் வரப்போரம் பாம்பு இருக்கிறதா என்று அடித்துப் பார்ப்பேன், தவளைக் கண்ணில் அடிப்பேன். அப்பா நிமிராமலே சொல்வார்: "வெளிச்சம் உன் கண்ணுக்கு இல்ல நைனா, என் கைக்கு." அடுத்தவர் கைக்கு வெளிச்சம் காட்டுவது லேசான காரியமில்லை. நம் பயத்தையும் ஆர்வத்தையும் ஒதுக்கிவிட்டு, அந்தக் கை அடுத்து எங்கே போகும் என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹெல்பர் போதும் என்று நண்பர் சொன்னபோது இதை அவருக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது அவர் கேட்டதற்குப் பாதிப் பதில்தான்.

சேவைத் தலைமை என்று மேலாண்மை வகுப்புகளில் பேசுகிறார்களே, அதன் மூலக் கட்டுரையை 1970-ல் எழுதியவர் ராபர்ட் கிரீன்லீஃப். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி என்ற டெலிபோன் கம்பெனியில் ஏறத்தாழ 40 ஆண்டு வேலை பார்த்தவர். அழைப்பை எடுக்கச் சொல்லித்தரும் கம்பெனியிலிருந்துதான் இந்த யோசனை வந்தது! அவருக்குப் பொறி கிடைத்தது ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'கிழக்கு நோக்கிய பயணம்' என்ற குறுநாவலில். நான் எப்போதோ படித்தது; பல பக்கங்கள் மங்கிவிட்டன. லியோ என்ற பணியாள் மட்டும் மனதில் நிற்கிறான். மூட்டை சுமப்பான், பாடுவான். ஒருநாள் அவன் காணாமல் போனதும் பயணக் குழு சண்டையிட்டுச் சிதறிப்போகிறது. வெகுகாலம் கழித்துத்தான் அந்தச் சபைக்கே தலைவன் லியோ என்று தெரியவருகிறது.

அழகான கதை. ஆனால் எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது 1901 கல்கத்தா காங்கிரஸ். தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காகத் தீர்மானம் கொண்டுவரப் போன பாரிஸ்டர் காந்தி, செயலாளர் கோஷாலிடம் போய் வேலை கேட்கிறார். குவிந்துகிடந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார், கோஷாலின் சட்டைக்குப் பித்தான் போட்டுவிடுகிறார், யாரும் தொடாத கழிவறையைத் தானே சுத்தம் செய்கிறார். அந்த நாட்களில் காங்கிரஸ் எப்படி நடக்கிறது என்பதை உள்ளிருந்து தெரிந்துகொண்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். குனிந்தவருக்குச் சில விஷயங்கள் தெரியவருகின்றன. எங்கள் மேனேஜருக்கும் தெரிந்தது. அந்த எண்ணெய்க் குழாய் வெடிப்பு விட்டு வெகுநாளாகியிருந்தது. மாற்றித் தரச் சொல்லிப் பிட்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஸ்டோர்ஸில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரமே எல்லா மெஷினுக்கும் புதுக் குழாய் வந்தது. போனை எடுத்திருந்தால் இது நடந்திருக்குமா என்று நண்பரைக் கேட்டேன். "சீட்டை ஒழுங்கா படிச்சிருந்தா டார்ச்சே தேவைப்பட்டிருக்காது" என்றார்.

கிரீன்லீஃப் ஒரு சோதனை வைத்திருக்கிறார். பணி செய்யப்பட்டவர்கள் வளர்கிறார்களா? முன்பைவிடச் சுதந்திரமாகவும் விவரமாகவும் ஆகிறார்களா? கடைசிப் படியில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது? இந்தச் சோதனையில்தான் என் மேனேஜர் தடுமாறுகிறார். பிட்டர் அதற்குப் பிறகும் ஒப்பந்தக்காரரின் ஆள்தான். கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறம் மாறவில்லை. சம்பளம் ஒப்பந்தக்காரர் கைவழியாகத்தான் வருகிறது. மேனேஜரைக் குறை சொல்லவும் முடியாது. நிரந்தரம் செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அப்படியானால் அதிகாரம் இல்லாத இடத்தில் காட்டும் பணிவுக்கு என்ன மதிப்பு?

எங்கள் தொழிற்சாலை இருக்கிற இதே திருவள்ளூர் மாவட்டத்தில் குத்தம்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது. வேதிப் பொறியியல் படித்த இளங்கோ என்ற தலித் இளைஞர், மத்திய அரசு ஆய்வு நிறுவனத்து வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996-ல் ஊராட்சித் தலைவரானார். கிரானைட் ஆலைகள் கழித்துப்போட்ட கற்களை வைத்துக் குறைந்த செலவில் வடிகால் கட்டினார். விதிப்படி செய்யவில்லை என்று இடைநீக்கம் வந்தது. மீண்டும் பதவிக்கு வந்தார், 2001-ல் மறுபடி ஜெயித்தார். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் வாழும் இரட்டை வீடுகளைக் கட்டவைத்தார். 2006-ல் பதவிக் காலம் முடிந்த பிறகும் மற்ற ஊர்த் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையைத் தொடர்ந்தார். அவரும் அழைப்பைத் துண்டித்தவர்தான், மேலேயிருந்து வந்த அழைப்பை. ஆனால் அவருக்குப் பின்னால் ஊர் இருந்தது. கணக்குக் கேட்கிற, தீர்மானம் போடுகிற கிராமசபை இருந்தது. எங்கள் பிட்டர் மேனேஜரை ஏவ முடிந்தது மெஷின் நின்றிருந்த நேரம் வரைக்கும்தான்.

அதனால் அந்த மேனேஜரைத் தலைவர் என்பதா, நல்ல மனிதர் என்பதோடு நிறுத்திக்கொள்வதா என்று எனக்கு முடிவாகவில்லை. தலைமைக் குணங்களைப் பத்து என்றும் பன்னிரண்டு என்றும் பட்டியல் போடுகிறவர்களிடமும் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. குணம் தலைவருடையது, அவர் மாற்றலாகிப் போனால் அதுவும் கூடவே போய்விடும். கேட்கிற உரிமை கீழே இருப்பவரிடம் இருந்தால் அது ஊரோடு தங்கும் என்பது மட்டும் ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் கூடுகிறது. உங்கள் ஊரில் அடுத்தது கூடும்போது போய், கேள்வி கேட்டுவிட்டு உட்காருங்கள்.