வீட்டுக்கும் பாலாலயம் உண்டா?

எங்கள் செட்டிநாட்டு வீட்டை விடுதிக்குக் கொடுப்பதா என்று பேச, பங்குள்ள பதினொரு புள்ளிகளும், அதாவது குடும்பங்களும், வளவில் கூடியிருந்தோம். பெரியப்பச்சி ஒரே கேள்விதான் கேட்டார்: "படைப்பு நடக்கிற வீட்டுல, ஊர்பேர் தெரியாதவுகளைப் படுக்க வைக்கிறதாப்பா?"

யாரும் வாய் திறக்கவில்லை. முன்னோருக்கான படைப்பில் அப்பத்தாவுக்குச் சேலை வைத்துக் கும்பிடுகிற இடம் அது. முன்னோர் அங்கே வருகிறார்கள் என்று நானும் நம்புகிறேன். ஆகவே, வருமானக் கணக்கைச் சொல்லி அவர் வாயை அடைக்க எனக்கு மனமில்லை.

அன்று இரவு பாலாலயம் நினைவுக்கு வந்தது. கோயில் திருப்பணிக்கு முன் கலாகர்ஷணம் செய்து, மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றுகிறார்கள். பிறகு அத்திப் பலகையில் எழுந்தருளச் செய்து பூசை நடக்கிறது. அதன்பின் கொத்தனார் விமானத்தின் மேலேயே கால் வைத்து ஏறலாம், குற்றமில்லை. குடமுழுக்கு வரை அது கல்லும் சுண்ணாம்பும். புனிதம் இடம் பெயரும், அழைத்தால் திரும்பி வரும் என்பதை ஆகமமே ஒப்புக்கொண்டிருக்கிறது. கோயிலுக்கே இது பொருந்துமானால், வீட்டுக்கு ஏன் பொருந்தாது?

உண்மையான அபசாரத்தைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் முன்பே பார்த்திருக்கிறேன். பழம்பொருள் கடை வாசலில் ஒரு தலைவாசல் நிலை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பர்மாத் தேக்கு, மேலே கஜலட்சுமி. அவள் பாதத்தருகே மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. எந்த வீட்டுப் பெண்கள் எத்தனை வெள்ளிக்கிழமை வைத்த மஞ்சளோ! பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, மழை இறங்கி, பங்காளிகள் கடைசியில் பிரித்து விற்ற வீடாகத்தான் இருக்கும். அங்கே முன்னோரைக் கூப்பிட இனி இடமே இல்லை.

கானாடுகாத்தானில் விசாலமும் கடியாபட்டியில் சிதம்பர விலாசமும் விடுதிகளாகி நிற்கின்றன. அப்படி ஒரு வீட்டைச் செப்பனிட்டால், கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் ஊற்றி ஆத்தங்குடிக் கல் வார்ப்பவருக்கும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்கும் வேலை கிடைக்கிறது. கைத்தொழில் பிழைத்தால் ஊரில் ஆள் இருக்கும். ஆள் இருந்தால் சிவன் கோயிலில் மாலை விளக்குக்கு ஒருவராவது வருவார்.

மறுநாள் பெரியப்பச்சியிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். சாமி அறைச் சாவி பங்காளிகளிடமே இருக்க வேண்டும், படைப்பு நாளில் வெளியார் கூடாது, வேலைக்கு ஊர்க்காரர்களையே எடுக்க வேண்டும் என்ற மூன்றையும் பத்திரத்தில் எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறோம்.

உங்களிடமும் பூட்டிய வீட்டின் சாவி ஒன்று இருந்தால், ஐப்பசி மழைக்கு முன் போய்த் திறந்து பாருங்கள்.