ஒட்டகம் காத்திருக்கும்

மொராக்கோவில் படிக்கப் போகும் வெளிநாட்டு மாணவர்கள் பலர் அட்லஸ் மலையைத் தாண்டி, சஹாரா ஓரத்திலுள்ள மெர்சூகாவுக்குச் சுற்றுலா போகிறார்கள். எர்க் செப்பி மணல்மேடு, ஒட்டகச் சவாரி, அஸ்தமனம், செல்ஃபி. தப்பில்லை, 150 மீட்டர் உயர மணலைக் கண்டால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? ஆனால் சஹாராவில் மணல் ஏறக்குறைய கால்வாசிதான். மீதியில் பெரும்பகுதி கல்லும் சரளையுமான வெறுந்தரை. பஸ்ஸில் தூங்கியபடியே கடந்துவிடுகிற தரை. வழியில் எர்ஃபூத் என்ற ஊரில் அந்தக் கல்லை அறுத்து, மெருகேற்றி, மேசைப் பலகை செய்கிறார்கள். அதற்குள் 35 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடல் உயிர்கள் சுருண்டும் நீண்டும் கிடக்கின்றன. ஆம், கடல்! தேநீருக்காக நிறுத்தும் பஸ்ஸை அங்கே இன்னும் ஒரு மணி நேரம் நிறுத்தலாம். ஒட்டகம் எங்கேயும் போய்விடாது.